உப்புச் சாலையில் முன்விளக்கு

குளிர்காலத்தில் வாகனத்தின் முன்விளக்கை மறைப்பவை மூன்று: விழுகிற வெண்பனி, முன்னால் போகிற வாகனத்தின் சில்லு இறைக்கிற பனிச்சேறு, அந்தச் சேறு காய்ந்த பின் மிஞ்சுகிற உப்பு. மூன்றையும் ஒரே விதமாகத் துடைக்க முடியாது. ரொறன்ரோவில் பாரம் ஏற்றி, சட்பரி, சூ சென் மரி, வாவா, தண்டர் பே, கெனோரா என்று வின்னிபெக் வரை 2,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடும் பாரவூர்திச் சாரதி ஒரே பயணத்தில் மூன்றையும் சந்திப்பார். அந்தப் பாதையில் ஓடுகிறவர்களில் தமிழர் பலரும் உண்டு. வெயில் ஊரில் வாகனம் பழகியவருக்கு வெண்பனியில் சில்லு வழுக்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். விளக்கு மங்கும் என்பது தெரிய ஒரு குளிர்காலமாவது போகும்.

எல்லா வெண்பனியும் ஒட்டாது. வெப்பநிலை -25 பாகையில் இருக்கும்போது விழுவது உலர்ந்த மா போன்றது. உருண்டை பிடிக்க வராது, குளிர்ந்த கண்ணாடியில் பட்டுச் சறுக்கிப் போய்விடும். ஒட்டுவது 0 பாகையை அண்டி விழும் ஈரப்பனி. சுப்பீரியர் ஏரி முழுதாக உறையாத டிசம்பர், ஜனவரி மாதங்களில், ஏரிக்கு மேலால் வரும் குளிர்காற்று நீராவியை அள்ளிக்கொண்டு கரையேறி, 17ஆம் நெடுஞ்சாலையில் கொட்டும். பச்சவானா குடாவுக்கும் வாவாவுக்கும் இடைப்பட்ட பகுதியில் இது சாதாரணம். புயல் நாள்களில் அந்தப் பகுதியைப் போக்குவரத்துக்கே மூடிவிடுவார்கள். அங்கே விளக்கு முகப்பில் படியும் பனி மெத்தை போலத் தடித்து, காற்றின் அழுத்தத்தில் இறுகி, அரை மணி நேரத்தில் விளக்கை வெள்ளைத் தட்டாக்கிவிடும்.

உப்பின் கதை வேறு. வீதியில் தூவும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு. நூற்றுக்கு 23 பங்கு செறிவுள்ள அதன் கரைசல் -21 பாகை வரை உறையாது. ஆனால் வீதியில் அந்தச் செறிவு நிலைப்பதில்லை. -10, -12 பாகைக்குக் கீழே உப்புப் போட்டுப் பெரிய பயனில்லை. அதனால்தான் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள 401ஆம் நெடுஞ்சாலை குளிர்காலம் முழுதும் கறுப்பாக நனைந்து கிடக்கிறது, வடக்கே போகப்போக வீதி வெள்ளையாகி மணல் போடுகிறார்கள். விளக்கைப் பொறுத்தவரை மோசமானது தெற்குத்தான். பார்வைக்குச் சுத்தமான கறுப்பு வீதிதான் விளக்கை அதிகம் அழுக்காக்குகிறது. நனைந்த தாரிலிருந்து எழும் உப்புத் தூவானம் முகப்பில் பட்டு, ஓட்டத்தின் காற்றில் நீர் காய்ந்து, சாம்பல் வெள்ளையான படலமாக மிஞ்சும். கல்சியம் குளோரைட்டோ மக்னீசியம் குளோரைட்டோ கலந்த கரைசல் தெளித்த வீதியென்றால் படலம் காயவும் மாட்டாது. அந்த உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுப்பாகவே இருந்துகொண்டு, பறக்கிற புகையையும் ரயர்த் தூளையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறுந் தண்ணீருக்கு அந்தப் பிசுக்குச் சுலபத்தில் அசைவதில்லை.

படலம் இரண்டு வேலை செய்கிறது. வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்குகிறது. வெளியே விடுவதையும் சிதறடிக்கிறது. இரண்டாவதுதான் பலருக்குத் தெரியாதது. தாழ்ஒளிக்கு மேல் விளிம்பு ஒன்று உண்டு. அதற்குக் கீழே வெளிச்சம், மேலே இருட்டு. எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பது அந்த விளிம்பு. உப்புப் படலம் விளிம்பைக் கலைத்து வெளிச்சத்தை மேலேயும் பக்கத்திலும் இறைக்கிறது. ஆகவே அழுக்கு விளக்கு வைத்திருப்பவருக்குத் தன் பாதை தெரியாது, எதிரே வருகிறவருக்கோ கண் கூசும். எதிர்வாகனம் காரணமில்லாமல் திரும்பத் திரும்ப விளக்கை வெட்டிக் காட்டினால், உயர்ஒளியை அணைக்க மறந்தோமா என்று பார்க்கிற சாரதி, முகப்பு அழுக்கா என்றும் பார்ப்பது நல்லது.

வெளிச்சக் குறைவைத் தூரமாகக் கணக்கிட்டால் விஷயம் விளங்கும். ஒன்ராறியோச் சட்டப்படி முன்விளக்கு 150 மீற்றரிலிருந்து பிறர் கண்ணுக்குத் தெரியவேண்டும், 110 மீற்றரில் உள்ள பொருளைச் சாரதிக்குக் காட்டவேண்டும். வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. மற்றதெல்லாம் மாறாமலிருக்க விளக்கின் ஒளி பாதியானால் 110 மீற்றர் சுமார் 78 ஆகும். கால்பங்கானால் 55 ஆகும். மறுபக்கம், 17ஆம் நெடுஞ்சாலையின் எல்லை வேகமான மணிக்கு 90 கிலோமீற்றரில் வாகனம் செக்கனுக்கு 25 மீற்றர் ஓடுகிறது. இறுகிய பனியில் உராய்வு 0.2 என்று வைத்தால் பிரேக் பிடித்த இடத்திலிருந்து நிற்க 160 மீற்றர் வரை பிடிக்கும். கால் பிரேக்குக்குப் போகும் ஒன்றரைச் செக்கனில் போகும் 37 மீற்றர் அதற்கு மேலே. சுத்தமான விளக்குக்கே கட்டாத கணக்கு இது. வடஒன்ராறியோவில் காட்டிலிருந்து வீதிக்கு ஏறும் மூஸ் மானின் உடம்பு கரும்பழுப்பு. கால்கள் நீளமாதலால் அதன் கண் தாழ்ஒளிக்கு மேலே நிற்கும், மற்ற மான்களின் கண்ணைப் போல மின்னி எச்சரிக்காது. அங்கே மீற்றர் ஒவ்வொன்றுக்கும் பெறுமதி உண்டு.

இத்தனைக்கும் வெளிச்சம் குறைவது சாரதிக்குத் தெரிவதில்லை என்பதுதான் இந்த விஷயத்தின் மையம். மின்குமிழ் எரிந்துபோனால் உடனே தெரியும். படலம் அப்படி அல்ல. நாலு மணி நேரத்தில் மெல்ல மெல்லப் படியும். கண்ணும் மெல்ல மெல்லப் பழகிவிடும். வெள்ளைப் பனி கிடக்கும் வீதி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் விளக்குக்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து மீற்றர் எப்போதும் பளிச்சென்றிருக்கும். அந்தப் பளிச்சைப் பார்த்துச் சாரதி திருப்திப்பட்டுக்கொள்வார், தூரம் சுருங்கியது கணக்கில் வராது. பழகுநரோடு ஓடும் மூத்த சாரதி ஒருவர் இதை இப்படிச் சொல்வார்: “தம்பி, உள்ளுக்க இருந்து பாத்தால் வெளிச்சம் எப்பவும் காணும் போலதான் இருக்கும். இறங்கிப் போய்ப் பாரும்.” பழகுநரின் பதில் வழக்கமாக ஒன்றுதான்: “இப்பதானே துடைச்சனான், அண்ணை.” இப்போது என்று அவர் சொல்வது முந்நூறு கிலோமீற்றருக்கு முன்னால்.

விளக்கின் வகைக்கேற்ப இந்தத் தொல்லை கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. அமெரிக்காவில் 1940 முதல் புழக்கத்துக்கு வந்த மூடிய கண்ணாடி விளக்கும், பின்னர் வந்த ஹலஜனும் ஒருவகையில் விளக்கும் அடுப்பும் சேர்ந்தவை. ஹலஜன் தாழ்ஒளி மின்குமிழ் ஒன்று 55 வாற் மின்சாரம் எடுத்து அதில் பெரும்பகுதியை வெப்பமாக முன்னே தள்ளுகிறது. முகப்பில் விழும் பனி தானாக இளகி வழியும். குறைபாடு இல்லாமலில்லை: கடுங்குளிரில் நடுவில் இளகிய நீர் விளிம்புக்கு ஓடி அங்கே மறுபடி உறைந்து, பனிக்கட்டி வளையமாக இறுகும். ஆனாலும் நடுக்கண் திறந்தே இருக்கும். எல்.ஈ.டி விளக்கு குறைந்த மின்சாரத்தில் கூடிய வெளிச்சம் தருவது. அதன் வெப்பம் பின்புறமாக உலோகத் தகட்டுக்குப் போவதால் முகப்பு வெளிக்காற்றைப் போலவே குளிர்ந்திருக்கும். அதில் ஒட்டிய ஈரப்பனி, கை வைத்தாலொழியப் போகாது. பழைய ஹலஜன் வண்டியை விட்டுப் புதிய எல்.ஈ.டி வண்டிக்கு மாறுகிறவர்கள் முதல் மாதம் வெளிச்சத்தைப் புகழ்வதும், முதல் ஏரிப்பனியில் வீதியோரம் நிறுத்தி இறங்குவதும் இதனால்தான்.

இந்தத் தொல்லையை ஆரம்பத்திலேயே பொருட்படுத்தியவர்கள் சுவீடன்காரர். 1970 இல் சாப் நிறுவனம் முன்விளக்குக்கே சின்னத் துடைப்பான் பூட்டிக் கார் விற்றது. ஐரோப்பிய விதிகளில் பிற்காலத்தில் வந்த ஏற்பாடு வேறுவிதம்: தாழ்ஒளி மூலத்தின் வெளிச்சம் 2,000 லூமனுக்கு மேற்பட்டால் முன்விளக்குக் கழுவி கட்டாயம். 35 வாற் செனன் விளக்கு 3,200 லூமன் அளவில் வெளிச்சம் தருவதால் அதற்குக் கழுவி வேண்டியிருந்தது. பிறகு 25 வாற்றில் சரியாக 2,000 லூமன் செனன் ஒன்றைச் செய்து கழுவியைத் தவிர்த்தார்கள். விதியின் நோக்கம் எதிரே வருகிறவரின் கண், வடக்கத்திய பனியல்ல என்பது இதிலே தெரிகிறது. கனடாவில் முன்விளக்குக் கழுவி கட்டாயமில்லை. பனியும் உப்பும் இத்தனை உள்ள நாட்டில் இது விசித்திரம்தான்.

துடைப்பான் ஒழிந்துபோனதற்குக் காரணம் முகப்பின் பொருள். கண்ணாடி இருந்த இடத்துக்குப் பொலிகாபனேற்று என்ற பிளாஸ்ரிக் வந்தது. அமெரிக்கா அதை அனுமதித்தது 1983 இல். கல் பட்டால் உடையாது, எந்த வளைவுக்கும் வார்க்கலாம், பாரமும் குறைவு. ஆனால் மிருதுவானது. மேலே பூசிய மெல்லிய கடின மேற்பூச்சுத்தான் அதற்குக் காப்பு. மணல் பட்ட ரப்பர் பட்டை அதன்மேல் ஒரு குளிர்காலம் ஓடினால் முகப்பு முழுதும் கீறலாகிவிடும். கீறல் என்பது நிரந்தரமான உப்புப் படலம். அதை எந்தத் துணியாலும் எடுக்க முடியாது. துடைப்பவர் எல்லாரும் மனதில் வைக்கவேண்டியது இது: சுத்தப்படுத்துகிறேன் என்று கெடுப்பது மிகச் சுலபம்.

வாவாவில், பெரிய வாத்துச் சிலை நிற்கும் சந்திக்கு அருகே, எரிபொருள் நிரப்ப அதிகாலை நாலு மணிக்கு ஒரு பாரவூர்தி நிற்கிறது என்று கொள்வோம். வெப்பநிலை -8. சூ சென் மரியிலிருந்து 225 கிலோமீற்றர் ஏரிக்கரையோரமாக வந்திருக்கிறது. நல்ல சாரதி இயந்திரத்தை நிறுத்த முன் விளக்கை எரியவிட்டே இறங்கி வந்து முன்னால் நிற்கிறார். முதலில் முகப்பைப் பார்ப்பதில்லை. எதிரே உள்ள சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்க்கிறார். இரண்டு விளக்கின் விளிம்பும் கூராக விழுகிறதா, ஒன்று மங்கிக் கலங்கியிருக்கிறதா என்பது அங்கே தெரியும். பெரும்பாலும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கமாக உள்ள இடது விளக்குத்தான் மோசமாக இருக்கும், எதிர்வாகனம் இறைப்பது அதன்மேல். பிறகு மெல்லிய தும்புத் தூரிகையால் தளர்ந்த பனியை மட்டும் தட்டிவிடுகிறார். காற்றுக்கண்ணாடிக்குப் பாவிக்கும் சுரண்டியை இங்கே எடுப்பதில்லை. கதவுப் பையில் இருக்கும் சிறிய தெளிபோத்தலில் குளிர்காலக் கழுவுதிரவம். அதை முகப்பின் மேல்விளிம்பிலிருந்து தெளித்து, அரை நிமிடம் அப்படியே விடுகிறார். அந்த அரை நிமிடந்தான் வேலை செய்கிறது. உப்பு கரைந்து, மணல் மிதந்து, சாம்பல் நிறக் கோடுகளாக வழியத் தொடங்கும். கோடு வழிய முன் துணி வைப்பவர் மணலால் முகப்பைத் தேய்ப்பவர்.

துணி நனைந்த நுண்ணிழைத் துணி, நாலாக மடித்தது. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, மடிப்பை மாற்று, அடுத்த இழுப்பு. வட்டமாகத் தேய்ப்பது கிடையாது. வட்டக் கீறல் எல்லாத் திசையிலும் ஒளியைச் சிதறும் என்பதோடு, ஒரே மணலை ஐந்து தரம் சுற்றிக் கொண்டுபோவதும் அதுதான். விளிம்பில் பனிக்கட்டி வளையம் இருந்தால் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைச் சில செக்கன் வைத்து அழுத்தினால் பிடி விடும். -30 இல் அதைச் செய்ய யாரும் விரும்பமாட்டார்கள். அப்போது திரவத்தை இரண்டாம் தரம் தெளிப்பதே வழி. கடைசியில் உலர்துணி. ஈரம் மிஞ்சினால் வீதிக்கு ஏறி முதல் கிலோமீற்றரிலேயே அது உறைந்து, புதுப்பனிக்கு ஒட்டுப்பசையாகிவிடும். இரண்டு விளக்குக்கும் சேர்த்து மூன்று நிமிடம் போதும். அவசரக்காரருக்கும் கோப்பிக்கு வரிசையில் நிற்க அதைவிட நேரம் போகும்.

எரிபொருள் நிலையத்தில் வாளியோடு வைத்திருக்கும் கடற்பஞ்சுத் துடைப்பம் வசதியாகத் தெரியும். காற்றுக்கண்ணாடிக்கு அது சரி. விளக்குக்கு ஆகாது. வாளியின் அடியைக் கிளறிப் பார்த்தால் முந்திய நூறு வாகனங்களின் மணல் அங்கே இருக்கும்.

கழுவுதிரவத்திலும் தெரிவு உண்டு. கனடாவில் 3.78 லீற்றர் போத்தலில் கிடைக்கும் நீலத் திரவம் தண்ணீரும் மெதனோலும் கலந்தது. -40 என்று எழுதியதை வாங்கவேண்டும். கோடையில் மிஞ்சியதைத் தொட்டியில் விட்டுவிட்டு வடக்கே போகக்கூடாது. -40 என்பதும் முழு உண்மையல்ல. ஓட்டத்தில் தெளித்தால் மெதனோல் முதலில் ஆவியாகும். ஆவியாவது குளிரூட்டும், மிஞ்சும் தண்ணீர் அங்கேயே உறையும். நின்ற இடத்தில் தெளித்துத் துடைப்பது நல்லது என்பதற்கு இதுவும் காரணம். மெதனோல் நஞ்சு. வெறுங்கையில் ஊறவிடுவதும், வண்டிக்குள் தூங்கும் இடத்தில் திறந்த போத்தல் வைப்பதும் தவறு.

கொதிநீர் ஊற்றுவது பழைய கண்ணாடி விளக்கை வெடிக்க வைக்கும். பிளாஸ்ரிக் முகப்பு வெடிக்காது, ஆனால் வழிந்த நீர் கீழே மூட்டுகளில் பனிக்கட்டியாகத் தங்கும். சாரதிகள் மத்தியில் இன்னும் பல கைமருந்து உண்டு: சமையல் எண்ணெய்த் தெளிப்பு, சிலிக்கோன் தெளிப்பு, வண்டி மெழுகு. எண்ணெய் பனியைச் சிறிது நேரம் தடுக்கும், அதன்பின் தூசியை வரவேற்கும், விட்டுவிடலாம். மெழுகு மெய்யாகவே உதவும். படியாமல் தடுப்பதில்லை, படிந்ததைச் சுலபமாக விடும். பயணத்துக்கு முதல்நாள், வெப்பமான இடத்தில், கழுவி உலர்ந்த முகப்பில் பூசினால் ஓரிரு வாரம் நிற்கும்.

வெப்பமூட்டிய முகப்பு எல்.ஈ.டி விளக்கின் குறைக்கு நேரான பதில். முகப்புக்குள் மெல்லிய மின்கம்பி பதித்து, குளிர் உணரி ஒன்று தானாக இயக்குவது. பாரவூர்திகளுக்கென இது கடையில் கிடைக்கிறது. விலை கூட, ஆனால் வடபாதையில் மட்டும் ஓடுகிறவருக்கு அதைவிடப் பயனுள்ள செலவு குறைவு. உப்புப் படலத்துக்கு மட்டும் இது மருந்தல்ல. வெப்பம் நீரைக் காயவைத்து உப்பை முகப்பில் சுடவைத்துவிடும். வெப்ப முகப்புப் பூட்டியவர் துணியைத் தூக்கி எறியக்கூடாது.

ஓட்டும் முறையாலும் அழுக்கைக் குறைக்கலாம். நனைந்த வீதியில் முன்வாகனத்தின் தூவானத்துக்குள் ஓடுவதுதான் விளக்கு கெடும் விரைவு வழி. இடைவெளியைக் கூட்டினால் தூவானம் விழுந்துவிட்ட பின் அங்கே போகலாம். விழுகிற பனிக்குள் உயர்ஒளி போடுவது வீண், வெள்ளைச் சுவர்தான் தெரியும். தாழ்வாகப் பூட்டிய மூடுபனி விளக்கு அந்த நேரத்தில் நல்லது. தாழ்வாக இருப்பதனாலேயே அது முதலில் அழுக்காகும்.

முன்விளக்கைத் துடைத்தவர் பின்னாலும் போகவேண்டும். இழுவைப் பெட்டியின் பின்கதவுக்குப் பின்னே காற்று சுழன்று வெண்பனியை உறிஞ்சி ஒட்டும்; பின்விளக்கும் பிரேக் விளக்கும் முற்றாக மறைவது அதனால். பகல்விளக்கு இன்னொரு பொறி. கனடாவில் 1989 டிசம்பர் 1 முதல் செய்த வாகனங்களுக்கு அது கட்டாயம். முன்னால் எரிவதைப் பார்த்து எல்லா விளக்கும் எரிகிறது என்று நம்பி, பின்னால் இருட்டாக ஓடிய கார்கள் எத்தனையோ. 2021 செப்டம்பர் முதல் புதிய வாகனங்களில் இது திருத்தப்பட்டது. பழையவை இன்னும் வீதியில் ஓடுகின்றன. பாரவூர்திச் சாரதிக்கு 24 மணி நேரத்துக்கு ஒரு தரம் வாகனத்தைச் சுற்றிப் பரிசோதிப்பது சட்டம், விளக்கும் அதில் ஒரு விடயம். எரிகிறதா என்று பார்த்துப் பதிவதோடு பலர் நிறுத்துகிறார்கள். எரிவதும் தெரிவதும் வேறு. 13 மணி நேரம் ஓட்ட அனுமதி உள்ள ஒரு நாளில் காலைப் பரிசோதனை உப்பு வீதியின் முதல் இரண்டு மணி நேரத்துக்குத்தான் செல்லும். ஆகவே நிற்கும் காரணம் எதுவானாலும், தேநீரோ கழிப்பறையோ எடைச்சாவடியோ, இறங்கினால் துடைப்பது என்று பழகினவர்களுக்கு மட்டுமே விளக்கு முழுநாளும் விளக்காக இருக்கிறது.

ஏப்ரலில் உப்பு வண்டிகள் ஓய்ந்த பின் ஒரு முழுக் கழுவல் வேண்டும். விளக்குக் கூட்டைச் சுற்றியுள்ள இடுக்குகளிலும் மின்இணைப்புகளிலும் உப்பு தங்கியிருக்கும். இணைப்பைக் கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பூத்திருப்பது தெரியும். சுத்தப்படுத்தி, மின்இணைப்புக்கான கிறீஸ் பூசி மாட்டவேண்டும். அழுத்த நீர்க்குழாயை விளக்கின் பின்மூட்டுக்குக் கிட்டப் பிடிக்கக்கூடாது, காற்றுத்துளை வழியே நீர் உள்ளே போகும். விளக்கு எரிந்து சிறிது நேரத்தில் உள்ளே படிந்த ஆவி தெளிந்தால் பயமில்லை. அடியில் நீர் தேங்கினால் மூட்டு போய்விட்டது.

மங்கி மஞ்சளான முகப்பை 1,000 இலிருந்து 3,000 வரையான நீர்த்தாளால் படிப்படியாகத் தேய்த்து மெருகேற்றலாம். தேய்க்கும்போது கடின மேற்பூச்சு முழுதாகப் போய்விடும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சை மேலே அடிக்காவிட்டால் சில மாதத்தில் மஞ்சள் திரும்பும், அடுத்த குளிர்காலத்து மணலுக்கு முகப்பு முன்னையிலும் இளகிய இரை. ஒரு தரம் தேய்த்ததை மறுதரமும் தேய்ப்பதைவிட மாற்றுவது மேல். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுவதே வழக்கம். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால், சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்து அழுக்குக் கண்டுபிடிக்கும் வேலை அந்த வண்டியில் முடியாது.